107ஆம் எண் மருந்து

நவம்பர் 4, தோயாமா, ஜப்பான்

மே மாதம் மாமாவுக்கு புராஸ்டேட் அறுவைச் சிகிச்சை நடந்தது. புற்றுநோயை எடுத்தாயிற்று, ரத்தத்தில் அந்த நோயைக் காட்டும் பிஎஸ்ஏ அளவும் இறங்கிவிட்டது. ஆனால் ஆறு மாதமாகியும் இரண்டு தொடைக்கும் நடுவில் ஒரு கனத்த வலி. உட்கார்ந்தால் கூடுகிறது. ஸ்கேனில் ஒன்றுமில்லை, சிறுநீர்ப் பரிசோதனையிலும் ஒன்றுமில்லை. "எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது" என்று வலி மாத்திரை எழுதிக்கொடுத்து அனுப்பிவிட்டார்கள். இன்று ராத்திரி சமையலறை மேடையருகே நின்றுகொண்டே சாப்பிட்டார். எனக்குச் சோறு இறங்கவில்லை.

நவம்பர் 10

கம்போ, அதாவது ஜப்பானிய மூலிகை மருத்துவம் பார்க்கும் மருத்துவரிடம் போனோம். பரம்பரை வைத்தியராக இருப்பார் என்று நினைத்திருந்தேன். இல்லை, நவீன மருத்துவம் படித்தவர்தான். ஜப்பானில் டாக்டர்களே இந்த மருந்துகளை எழுதுகிறார்கள், 148 மருந்துகளுக்குக் காப்பீடும் உண்டு. மாமாவுக்கு 72 வயது, ஐந்தில் ஒரு பங்கு கட்டினால் போதும்.

நாக்கையும் நாடியையும் பார்த்தார். அப்புறம் காலை நீட்டிப் படுக்கச் சொல்லி, வயிற்றை அங்குலம் அங்குலமாக அழுத்திக்கொண்டே வந்தார். தொப்புளுக்குக் கீழே பஞ்சு மாதிரி அமுங்கியது. அதற்கு 'ஷோஃபுகு ஃபுஜின்' என்று பெயர். அடிவயிறு வலுவிழந்ததன் அடையாளமாம்.

"வெந்நீர்த் தொட்டியில் இறங்கினால் வலி எப்படி இருக்கும்?"

"அப்போது மட்டும் மறந்துபோகும்" என்றார் மாமா. ஆறு மாதத்தில் யாரும் அவரிடம் இதைக் கேட்கவில்லை, நானும்தான்.

மருந்தின் பெயர் கோஷாஜின்கிகான். மருந்துக் கடையில் 107 என்றார்கள். பொட்டலத்திலும் அந்த எண்தான் பெரிதாக இருக்கிறது. 2.5 கிராம், மூன்று வேளை, சாப்பாட்டுக்கு முன்.

நவம்பர் 11

உள்ளே என்ன இருக்கிறது என்று உட்கார்ந்து பார்த்தேன். மொத்தம் பத்துச் சரக்கு. ஒன்று பட்டை. இன்னொன்று நம் நாயுருவியின் இனத்துச் செடியின் வேர். இசப்கோல் இனத்து விதையும் உண்டு. கடைசியாக 'புஷி' என்று இருந்தது. வச்சநாபி இனத்துக் கிழங்கு! பதறிப்போய் மருந்துக் கடைக்குப் போன் செய்தேன். நீராவியில் அழுத்தி வேகவைத்து நஞ்சைக் குறைத்த பிறகே சேர்ப்பார்கள் என்று பொறுமையாக விளக்கினார் அந்தப் பெண். நாக்கோ உதடோ மரத்தாலும், நெஞ்சு படபடத்தாலும் நிறுத்திவிட்டு உடனே கூப்பிடச் சொன்னார்.

அத்தைக்கு இந்தப் பதற்றமே இல்லை. வீடுவீடாக மருந்துப் பெட்டியை வைத்துவிட்டுப் போய், அடுத்த முறை தீர்ந்ததற்கு மட்டும் காசு வாங்கும் வியாபாரிகளின் ஊர் இது. 300 ஆண்டுக்கு மேலான வழக்கம். எங்கள் அலமாரியிலும் அப்படி ஒரு பெட்டி இருக்கிறது.

நவம்பர் 21

மாமாவுக்கு வயிறு மந்தம், பசியில்லை. மருந்தில் இருக்கும் 'ஜியோ' என்ற கிழங்கு சிலருக்கு ஒத்துக்கொள்ளாதாம். சாப்பாட்டுக்குப் பின் குடிக்கச் சொன்னார் டாக்டர்.

டிசம்பர் 5

வயிறு சரியாகிவிட்டது. ஆனால் இன்று பெரிய ஆபத்து தப்பியது. கெண்டைக்கால் பிடிப்புக்கென்று பழைய 68ஆம் எண் மருந்தையும் மாமா தினமும் போட்டுக்கொண்டிருந்திருக்கிறார். மருந்துக் குறிப்பேட்டைப் புரட்டிய மருந்தாளுநர்தான் கண்டுபிடித்தார். அதில் ஒரு நாள் அளவுக்கு 6 கிராம் அதிமதுரம். பொட்டாசியத்தை இறக்கும், ரத்த அழுத்தத்தை ஏற்றும். மாமாவோ ஏற்கெனவே நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுகிறவர். மூலிகைதானே என்று நாங்கள் யாரிடமும் சொல்லாமல் விட்டது தப்பு. உடனே ரத்தப் பரிசோதனை செய்தார்கள், நல்லவேளை, அளவு சரியாக இருந்தது.

டிசம்பர் 23

இரண்டு நாளாகப் பனி. வலிக்கு மாமா தினமும் மதிப்பெண் போடுகிறார், 7 இப்போது 4 ஆகியிருக்கிறது. இடுப்புத்தளப் பயிற்சியும் கூடவே நடப்பதால் எல்லாப் பெருமையையும் 107க்குக் கொடுக்க டாக்டர் சம்மதிக்கவில்லை. எனக்கு அதில் வருத்தமில்லை.

ராத்திரி ஹிமி துறைமுகத்திலிருந்து வந்த புரி மீன். கோதாட்சு என்ற கணப்பு மேசைக்குள் காலை விட்டுக்கொண்டு, மெத்தை மேல் மெத்தை போட்டு, எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டார் மாமா. இரண்டாவது கிண்ணம் சோறும் கேட்டு வாங்கினார்.