கொத்தவரங்காய்க்கு விலை பூஜ்யம்

பைத்தான் என்ற புரோகிராம் மொழியைப் படிக்க ஆரம்பித்த இரண்டாவது மாதமே, சித்தப்பாவின் காய்கறிக் கடைக்கு பில் போட ஒரு புரோகிராம் எழுதித் தருகிறேன் என்று வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். பெரிய வேலை இல்லை. காயின் பெயரைத் தட்டினால் கிலோ விலையை எடுத்து எடையால் பெருக்க வேண்டும், அவ்வளவுதான். அதற்கு டிக்‌ஷ்னரிதான் தோது, ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஒரு மதிப்பை எழுதி வைக்கும் பட்டியல் அது.

விலை = {"தக்காளி": 40, "கத்தரிக்காய்": 60, "கொத்தவரங்காய்": 50}

இதில் காயின் பெயர் கீ, எண் வேல்யூ. விலை["தக்காளி"] என்று கேட்டால் 40 வரும். (பைத்தான் 3-இல் வேரியபிளுக்கு (மதிப்பைப் போட்டு வைக்கும் பெயருக்கு) தமிழிலேயே பெயர் வைக்கலாம், மேலே உள்ள வரி அப்படியே ஓடும்.) லிஸ்ட்டாக இருந்தால் முதலிலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு போக வேண்டும். டிக்‌ஷ்னரி அப்படித் தேடாது, கீயிலிருந்து ஹாஷ் என்று ஒரு எண்ணைக் கணக்கிட்டு அது இருக்க வேண்டிய இடத்துக்கே நேராகப் போய்விடும், பத்து காய் இருந்தாலும் பத்தாயிரம் இருந்தாலும் ஏறக்குறைய அதே நேரம்தான். ஆனால் கீ அச்சு அசலாக அதேதான் இருக்க வேண்டும். கடைசியில் ஒரு ஸ்பேஸ் ஒட்டிக்கொண்டிருந்தாலும் அது வேறு கீ. எண்ணாக வைத்த 7-உம் இன்புட் மூலம் வரும் "7"-உம் வேறு வேறு, ஏனென்றால் இன்புட் எப்போதும் ஸ்ட்ரிங்தான், அதாவது எழுத்துகளாகத்தான், தரும்.

இல்லாத காயைக் கேட்டால் கீஎரர் (KeyError) என்று சொல்லி புரோகிராம் நின்றுவிடும். அது நிற்கும்போதெல்லாம் சித்தப்பா போன் செய்தார். அப்போதுதான் டிக்‌ஷ்னரியோடு வரும் கெட் (get) என்ற மெத்தட் கண்ணில் பட்டது. கீ இருந்தால் அதன் வேல்யூ, இல்லையென்றால் நாம் இரண்டாவதாகக் கொடுக்கும் மதிப்பு. நான் எல்லா இடத்திலும் கெட்டைப் போட்டு, இரண்டாவதாக 0 கொடுத்தேன். போன் நின்றது. என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

நாலாவது நாள் சாயங்காலம் சித்தப்பா கேட்டார்: "ஏன்டா, கொத்தவரங்காய் என்ன கொசுறா?"

கொத்தமல்லி என்றால் கொசுறு என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். விலைப் பட்டியலில் கொத்தவரங்காய் இருக்கிறது, கடையில் தட்டுவதும் கொத்தவரங்காய்தான், ஆனாலும் கிடைக்கவில்லை. கெட்டை எடுத்துவிட்டு ஓட்டினால், கண் முன்னால் இருக்கும் அதே சொல்லைக் காட்டி கீஎரர் என்கிறது. கடைசியில் லென் (len) போட்டு நீளம் பார்த்தேன், அது கால், கொம்பு, புள்ளி எல்லாவற்றையும் தனித்தனியாக எண்ணும். தட்டியது 13, பட்டியலில் இருந்தது 14. ‘கொ’வில் வரும் ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம், ஒற்றைக்கொம்பு, கால் என்று இரண்டாகவும் எழுதலாம், திரையில் வித்தியாசமே தெரியாது. பட்டியல் ஏதோ பழைய எழுத்துருவிலிருந்து மாற்றியது, அதில் இரண்டாக வந்திருக்கிறது. பைத்தானோடு வரும் யூனிகோட்டேட்டா (unicodedata) மாட்யூலில் நார்மலைஸ் (normalize) என்று ஒன்று உண்டு. அதில் என்எஃப்சி (NFC) என்று கொடுத்துப் பட்டியலையும் தட்டுவதையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்தேன், சரியாகிவிட்டது.

கெட் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஒரு சொல் எத்தனை முறை வந்தது என்று எண்ணும்போது, இதுவரை வராத சொல்லுக்கு 0 என்பது உண்மையான பதில், அங்கே அது அருமை. விலைக்கு 0 என்பது பொய். இரண்டாவது மதிப்பே கொடுக்காவிட்டால் ‘நன்’ (None) என்ற வெற்று மதிப்பு வரும், அதை எடையால் பெருக்கப் போகும்போது வேறொரு வரியில் வேறொரு எரர் வெடிக்கும், நீங்கள் அங்கே போய்த் துழாவிக்கொண்டிருப்பீர்கள். விலை மாதிரி விஷயத்துக்கு சதுர அடைப்பே போதும், இல்லையென்றால் முதலில் இன் (in) போட்டு கீ இருக்கிறதா என்று கேளுங்கள். இன் தேடுவது கீகளில் மட்டும்தான், 40 இருக்கிறதா என்று கேட்டால் இல்லை என்றுதான் சொல்லும்.

அடுத்த வாரம் சௌசௌ நின்றது. இந்த முறை கீஎரரைப் பார்த்ததும் சந்தோஷமாகவே இருந்தது. கடைப் பையன் ‘ள’ போட்டு செளசெள என்று தட்டியிருக்கிறான், இதை நார்மலைஸ் ஒன்றும் செய்யாது, அதற்கு இவை இரண்டும் உண்மையிலேயே வேறு எழுத்துகள். எங்கே ‘ெள’ வந்தாலும் ‘ௌ’ ஆக மாற்றிவிடலாமே என்று எழுதிப் பார்த்தேன், வெள்ளரிக்காய் காணாமல் போனது. இப்போது பட்டியலில் சௌசௌ இரண்டு முறை இருக்கிறது, ஒரே விலையில்.