மூன்று கைப்பிடி, இரண்டு கை

நின்டெண்டோ 64 வீடியோ கேம் கருவியின் கன்ட்ரோலரை முதன்முதலாகக் கையில் வாங்குபவர் பெரும்பாலும் அதன் இரு ஓரங்களையும் பிடிப்பார். பிடித்தபின்தான் நடுவிலுள்ள ஜாய்ஸ்டிக்கைக் கட்டைவிரல் வசதியாக எட்டவில்லை என்பது தெரியவரும். 1996-இல் வெளிவந்த இந்தக் கன்ட்ரோலருக்கு மூன்று கைப்பிடிகள் உண்டு. இடப்பக்கம் கூட்டல் குறி வடிவப் பட்டன், நடுவில் ஜாய்ஸ்டிக்கும் அதன் அடிப்புறத்தில் இசட் பட்டனும், வலப்பக்கம் ஏ, பி பட்டன்களோடு மஞ்சள் நிறத்தில் நான்கு சி பட்டன்கள். இவற்றில் எந்த இரண்டைப் பிடிப்பது என்பதை ஆட்டமே தீர்மானிக்கிறது. கிர்பி 64 ஆடுவதற்கு இரு ஓரங்கள் போதும். சூப்பர் மாரியோ 64 ஆடுவதற்கு நடுவும் வலமும் வேண்டும்.

மாமா அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த பழைய செட் என்னிடம் இருக்கிறது. அங்குள்ள 120 வோல்ட் மின்சாரத்துக்காகச் செய்யப்பட்டது என்பதால், சென்னை ரிச்சி தெருவில் மின்னழுத்தத்தைக் குறைக்கும் ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வாங்கி இணைத்திருக்கிறேன். மின்சாரப் பிரச்சினை ஒரே நாளில் முடிந்தது. கை வலிக்குத்தான் வழி காண நாளாயிற்று.

வலிப்பது இடது கட்டைவிரலின் அடிப்பகுதி. மாரியோ நீளத் தாண்டல் தாண்ட வேண்டுமானால், ஓடிக்கொண்டிருக்கும்போதே இசட்டை அழுத்தி, உடனே ஏ பட்டனையும் தட்ட வேண்டும். அதாவது கட்டைவிரல் ஜாய்ஸ்டிக்கை முன்னே தள்ளிக்கொண்டிருக்க, அதே நேரத்தில் ஆள்காட்டி விரல் அடியிலிருந்து இசட்டை இழுக்கிறது. இந்த இழுப்புக்கு எதிர்த்தாங்கல் எங்கிருந்தாவது வந்தாக வேண்டும். கைப்பிடியை விரல் நுனிகளால் மட்டும் பற்றியிருந்தால் அந்தத் தாங்கல் முழுவதையும் கட்டைவிரலே கொடுக்க நேர்ந்து, சிறிது நேரத்திலேயே விரல் சோர்ந்துவிடுகிறது. நடுவிரல், மோதிர விரல், சுண்டுவிரல் ஆகிய மூன்றும் நடுக் கைப்பிடியைச் சுற்றி வளைந்து, அதன் பின்புறம் உள்ளங்கையில் பதிந்திருக்குமானால், கட்டைவிரலுக்கு ஜாய்ஸ்டிக்கின் மேல் தங்குவதைத் தவிர வேறு வேலை இருப்பதில்லை.

அதைவிட முக்கியம் மணிக்கட்டு. இடக்கை நடுவுக்கு வந்துவிடுவதால் இரு கைகளும் மார்புக்கு நேரே நெருங்குகின்றன. மணிக்கட்டு வெளிப்பக்கமாக வளைகிறது. கன்ட்ரோலரை நேராக வைத்துக்கொள்ள வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. நடுக் கைப்பிடியின் நுனி இடது முழங்கையை நோக்கும்படி முழுக் கன்ட்ரோலரையும் சற்றே திருப்பிக்கொண்டால் மணிக்கட்டு நேராகிவிடும். திரையில் மாரியோ கோணலாக ஓடுவானோ என்ற தயக்கம் இருக்கத்தான் செய்யும். ஆனால் ஜாய்ஸ்டிக்கைச் சுற்றியுள்ள எண்கோண விளிம்பின் மூலைகள் எது நேர்த்திசை என்பதை விரலுக்கு உணர்த்திவிடுகின்றன.

எடையைக் கை சுமக்கவும் கூடாது. பாயில் சம்மணமிட்டு அமர்ந்து, மடியில் ஒரு தலையணையை வைத்து, அதன்மேல் முன்னங்கைகளைச் சாய்த்துக்கொள்வதே நான் கண்டவற்றுள் சிறந்த முறை. கைப்பிடி இல்லாத நாற்காலியில் உட்கார்ந்தால் தோள்தான் அத்தனையையும் தாங்குகிறது.

சென்னைக்கே உரிய தொல்லை வியர்வை. மே மாதத்தில் மின்விசிறிக்கு நேர் கீழே அமர்ந்தாலும் வழவழப்பான பிளாஸ்டிக் கையில் நிற்பதில்லை. நழுவும் பொருளை இறுக்கிப் பிடிப்பதால் வலி மீண்டும் வருகிறது. பெரியமேட்டு விளையாட்டுப் பொருள் கடைகளில் பேட்மிண்டன் ராக்கெட்டுக்குச் சுற்றும் கிரிப் கிடைக்கும். அதில் ஒரு துண்டை வெட்டி, இசட் பட்டனுக்குக் கீழே நடுக் கைப்பிடியில் மட்டும் சுற்றியிருக்கிறேன். பிடி தளர்ந்ததில் ஜாய்ஸ்டிக்குக்கும் நன்மைதான். அதன் அடிப்பாகம் பிளாஸ்டிக் கிண்ணத்தில் உராய்ந்து தேய்வது இந்தக் கன்ட்ரோலரின் பிறவிக் குறை. அழுத்தி ஆட்டுபவர் கையில் அது விரைவாகவே தொளதொளத்துவிடும்.

1997-இல் வந்த கோல்டன்ஐ 007-இல் ஒருவரே இரண்டு கன்ட்ரோலர்களை வைத்து ஆடும் முறைகளும் உண்டு. கைக்கு ஒன்றாக இரண்டின் நடுக் கைப்பிடிகளையும் பிடிக்க வேண்டும். கேட்பதற்கு விபரீதமாகத் தோன்றினாலும், முழங்கைகள் தாராளமாக விரிந்து மணிக்கட்டுகள் தாமாகவே நேராகிவிடுவதால், என் கைக்கு இதுவே எல்லாவற்றிலும் இதமானது. என்ன, என்னிடம் இருப்பதே இரண்டு கன்ட்ரோலர்கள்தாம்; நான் இப்படி ஆடும் நாளில் அத்தை மகன் வந்தால் வேடிக்கை பார்க்க வேண்டியதுதான்.