கிண்டியில் கிடைக்கும் சான்றிதழ்

அறிவுசார் சொத்துரிமையில் வேலை பார்க்கிறேன் என்றால் உடனே மருந்துக் கம்பெனிகளைப் பற்றித்தான் கேட்பார்கள். ரத்தப் புற்றுநோய்க்கான கிளிவெக் மருந்துக்கு நோவார்ட்டிஸ் 1998-ல் விண்ணப்பம் போட்டதே சென்னைக் காப்புரிமை அலுவலகத்தில்தான். 2006-ல் நிராகரிக்கப்பட்டு, உயர் நீதிமன்றம், மேல்முறையீட்டு வாரியம் என்று சுற்றி, 2013 ஏப்ரலில் உச்ச நீதிமன்றத்தில் முடிந்தது. தெரிந்த மருந்தின் புது வடிவத்துக்கு, குணமாக்கும் திறன் கூடியிருப்பதைக் காட்டினால்தான் காப்புரிமை என்கிற காப்புரிமைச் சட்டத்தின் 3(டி) பிரிவு நிலைத்தது. நல்ல தீர்ப்பு. ஆனால் அந்த வழக்கில் எதிர்த்து நிற்க ஆள் இருந்தது. நாட்கோ போன்ற உள்நாட்டு மருந்துக் கம்பெனிகள், புற்றுநோயாளிகளுக்கான சங்கம், தேர்ந்த வக்கீல்கள் எல்லாரும் இருந்தார்கள். நான் பார்ப்பது ஆள் இல்லாத பக்கம்: புவிசார் குறியீடு. அதாவது, ஒரு ஊரின் பெயரால் அறியப்படும் பொருளுக்கு அந்தப் பெயரின் மேல் கிடைக்கும் சட்டப் பாதுகாப்பு.

இதற்கான சட்டம் 1999-ல் வந்து, 2003 செப்டம்பரில் நடைமுறையானது. டார்ஜிலிங் டீயில் தொடங்கி இந்தியா முழுக்கப் பதிவு நடப்பது கிண்டி ஜிஎஸ்டி சாலையில் இருக்கும் ஒரே பதிவகத்தில். சங்கங்களுக்கு விண்ணப்பம் தயாரித்துக் கொடுப்பது என் பிழைப்பு.

இதில் பாதி வேலை பழைய காகிதம் தேடுவது. 'எத்தனை காலமாகச் செய்கிறீர்கள்?' என்று கேட்டால், 'எங்க தாத்தாவுக்கும் முன்னாடியிலிருந்து' என்பார்கள். உண்மைதான், ஆனால் பைலில் அது ஏறாது. எழும்பூர் ஆவணக் காப்பகத்திலோ கன்னிமாரா நூலகத்திலோ உட்கார்ந்து, ஏதாவது ஒரு வெள்ளைக்காரக் கலெக்டர் கெஜட்டியர் என்கிற மாவட்டக் குறிப்பில் நம் ஊர்ச் சரக்கைப் பற்றி ஒரு வரி எழுதியிருக்கிறானா என்று புரட்ட வேண்டும். அவன் தின்று பார்த்து நன்றாயில்லை என்று எழுதியிருந்தாலும் போதும், ஆதாரம் கிடைத்துவிடும்! மஞ்சள் புண்ணை ஆற்றும் என்று அமெரிக்காவில் 1995-ல் கொடுத்த காப்புரிமையை 1997-ல் ரத்து செய்ய வைத்தபோதும் இதே கதைதான். பழைய சமஸ்கிருத நூல், 1953-ல் ஒரு மருத்துவ இதழில் வந்த கட்டுரை என்று அச்சில் இருந்ததைத்தான் நம் அறிவியல் தொழில் ஆராய்ச்சி மன்றம் காட்டியது. பாட்டி அரைத்துப் போட்டாள் என்பது எந்த அலுவலகத்திலும் செல்லாது.

சரி, ஆதாரம் கிடைத்தது, எல்லை வரைபடம் தயார், நிபுணர் குழுவும் பார்த்தாயிற்று. பதிவகத்தின் இதழில் வெளியாகி, குறித்த காலத்துக்குள் யாரும் எதிர்க்காவிட்டால் சான்றிதழ் வந்துவிடும். ஊரில் பட்டாசு, பேப்பரில் போட்டோ. பொதுவாகக் கதை இங்கே முடிந்துவிடுகிறது. சட்டமோ இனிமேல்தான் தொடங்குகிறது. தயாரிப்பவர் ஒவ்வொருவரும் 'அங்கீகரிக்கப்பட்ட பயனாளர்' என்று தனியாகப் பதிய வேண்டும்.

காஞ்சிப் பட்டு 2005-06-லேயே பதிவான பெயர். காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் ஒரு நெசவாளி வீட்டுக்கு அந்தப் படிவத்தோடு போயிருந்தேன். முன்னறையை முழுக்கத் தறியே அடைத்திருந்தது. கோர்வைச் சேலை. உடல் ஒரு நிறம், இரண்டு கரையும் வேறு நிறம், அதனால் ஊடுநூலை ஓட்டும் நாடா மூன்று. பெரியவர் குழியில் கால் வைத்து நெய்ய, பக்கத்தில் அவர் மனைவி கரை நாடாவைத் தள்ளிக் கொடுத்துக்கொண்டிருந்தார். கட்டணம் முன்பு 500 ரூபாய், 2020 முதல் வெறும் 10 ரூபாய் என்று விளக்கினேன். அவர் தறியை நிறுத்தாமலே கேட்டார்:

"இதை வாங்குனா கூலி ஏறுமா சார்?"

"நேரடியா ஏறாது ஐயா. ஆனா உங்க சேலைன்னு..."

"என் சேலை எங்க சார் இருக்கு? பட்டு முதலாளியோடது, ஜரிகை முதலாளியோடது. அறுத்துக் கொடுத்தா அன்னியோட சரி."

அதற்கு மேல் என்னால் பேச முடியவில்லை. சட்டத்தில் உற்பத்தியாளர் யார் என்று சொல்லும் இடத்தில், கைவினைப் பொருளைச் செய்பவரோடு அதை வியாபாரம் செய்பவரையும் சேர்த்திருக்கிறார்கள். கடைக்காரரும் பயனாளராகப் பதியலாம். வியாபாரி இல்லாமல் சேலை நகராது என்பது எனக்கும் தெரியும். ஆனால் பெயருக்குக் கிடைக்கும் கூடுதல் விலையில் நெசவாளிக்கு இவ்வளவு என்று சட்டத்தில் எங்கும் இல்லை. கட்டணத்தைப் பத்து ரூபாயாக்கினால் ஆட்கள் வந்து குவிவார்கள் என்று நினைப்பது டெல்லியிலிருந்து பார்க்கிற பார்வை.

அப்புறம் போலி. விசைத்தறிச் சேலையைக் காஞ்சிப் பட்டு என்று விற்றால் ஆறு மாதம் முதல் மூன்று வருஷம் வரை சிறை. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் வாரண்ட் இல்லாமல் சோதனை போட டிஎஸ்பி அந்தஸ்தில் ஒருவர் வேண்டும். அவரும் முதலில் கிண்டியில் இருக்கும் பதிவாளரிடம் கருத்துக் கேட்டு வாங்க வேண்டும். அடிதடி, வழிப்பறி கேஸ்களுக்கு நடுவே எந்த டிஎஸ்பி சேலைக்காகக் கடிதம் எழுதுவார்? எழுதி பதில் வருவதற்குள் சரக்கு விற்றுத் தீர்ந்திருக்கும்.

சிவில் வழக்குக்குப் பணம் வேண்டும், அதைவிட ஒற்றுமை வேண்டும். ஒரு பலகாரச் சங்கம், ஊர்ப் பெயர் வேண்டாம். அவர்கள் பெயரைப் பக்கத்து மாவட்டத்தில் ஒரு கடை பயன்படுத்துகிறது என்று கொதித்துப் போய் வந்தார்கள். நோட்டீஸ் அனுப்பினோம். கடைக்காரர் சங்கத் தலைவரின் மச்சான் என்பது பதில் வந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. 'சங்கத்திலேயே பாதிப் பேர் பாமாயிலில்தான் பொரிக்கிறார்கள், முதலில் அதைப் பாருங்கள்' என்று எழுதியிருந்தார். தரத்தைப் பார்க்க ஒரு கண்காணிப்புக் குழு என்று விண்ணப்பத்தில் நானே அழகாக எழுதிக் கொடுத்திருந்தேன். அது எத்தனை முறை கூடியது என்று கேட்டதும் எல்லாரும் டீயைக் குடிக்க ஆரம்பித்துவிட்டார்கள். வழக்கு அத்தோடு நின்றது.

இதே சட்டத்தில், இதே கிண்டியில்தான் ஷாம்பெயினும் ஸ்காட்ச் விஸ்கியும் பதிவாகியிருக்கின்றன. ஸ்காட்ச் விஸ்கி சங்கத்துக்கு உலகம் முழுக்க லேபிள்களைக் கவனிப்பதே வேலை, அதற்கென்று வக்கீல்கள். நம் ஊர்ச் சங்கத்துக்குச் செயலாளரின் செல்போன்தான் அலுவலகம். சட்டம் இரண்டு பேருக்கும் பொதுதான், என்ன பிரயோஜனம்!

இப்போதெல்லாம் யாராவது விண்ணப்பம் போட வந்தால், பத்து வருஷத்தில் புதுப்பிக்க யார் பணம் கட்டுவார்கள், போலியைப் பிடிக்க யார் அலைவார்கள், கூலிக்குச் செய்கிறவர்கள் சங்கத்தில் உறுப்பினர்களா என்று முதலிலேயே கேட்டுவிடுகிறேன். சிலர் உட்கார்ந்து யோசிக்கிறார்கள். ஒரு குழு திரும்பிப் போய் உறுப்பினர் பட்டியலையே மாற்றிக்கொண்டு வந்தது. மற்றவர்கள் இவ்வளவு கேள்வி கேட்காத வேறு ஆபீஸுக்குப் போய்விடுகிறார்கள். அங்கேயும் சான்றிதழ் வாங்கிக் கொடுத்துவிடுவார்கள்.