தங்கல, தங்கலன்னு சொல்றோமே

ஐ.வி.எஃப்ல, லேப்ல உருவான கருவை கர்ப்பப்பைக்குள்ள வைக்கிற முதல் ட்ரான்ஸ்ஃபர் முடிஞ்சு மூணு நாள் மல்லாந்து படுத்தது படுத்தபடியே கிடந்தேன், தும்மல் வந்தாகூட மூக்கை அழுத்திப் பிடிச்சுக்குவேன், கரு நழுவிடுமோன்னு அவ்வளவு பயம். கடைசியில கர்ப்பமான்னு பார்க்குற பீட்டா ரத்த டெஸ்ட் நெகட்டிவ். "தங்கலையாம்மா"ன்னு கேட்டவங்க எல்லாருமே பாசமாத்தான் கேட்டாங்க, ஆனா அந்த வார்த்தை, கையில குடுத்ததை நான் கீழ போட்டுட்ட மாதிரி குத்துச்சு.

அப்புறம்தான் உட்கார்ந்து படிச்சேன். கர்ப்பப்பை உள்ள காலியா தொங்குற பை இல்லங்க. முன்சுவரும் பின்சுவரும் ரெண்டு உள்ளங்கையைச் சேர்த்து வச்ச மாதிரி ஒண்ணோட ஒண்ணு படிஞ்சுதான் இருக்கும், நடுவுல கொஞ்சம் பிசுபிசுன்னு ஈரம், அதுக்குள்ள சுமார் 0.2 மில்லிமீட்டர்ல ஒரு பிளாஸ்டோசிஸ்ட், அதாவது அஞ்சாறு நாள் கரு. எந்திரிச்சு நடந்தா அது எங்க போய் விழும்? படுத்தே கிடந்தா சான்ஸ் கூடறதில்லன்னு ஆய்வுகளும் சொல்லுது.

ஒட்டுதுன்னு சொல்றதும் பாதிதான். கரு உருவாகி ஆறாம் நாள் வாக்குல மேல இருக்குற உறையைக் கிழிச்சுட்டு வெளிய வருது, சுவத்துல ஒட்டுது, அப்புறம் அதோட வெளிப்பக்க செல்லெல்லாம் நடுத்தடுப்பே இல்லாம ஒண்ணா கலந்து சுவத்தை அரிச்சுகிட்டு உள்ள இறங்குது, 12ஆம் நாள் வாக்குல முழுசா புதைஞ்சு மேல சுவரும் மூடிக்குது. அப்படி செல்லைக் கலக்க வைக்கிற சின்சிட்டின்ங்கற புரதம், கோடிக்கணக்கான வருஷத்துக்கு முன்னாடி நம்ம முன்னோர் உடம்புல புகுந்த ஒரு வைரஸோட ஜீன்ல இருந்து வந்தது! இதைப் படிச்சுட்டு ரொம்ப நேரம் சும்மாவே உட்கார்ந்திருந்தேன்.

சுவரும் எல்லா நாளும் கருவை ஏத்துக்காது, ப்ரொஜெஸ்டிரோன் ஹார்மோன் ஊறி பக்குவமான சில நாள்தான், 28 நாள் மாதவிடாய் சைக்கிள்னா 20ஆம் நாள்ல இருந்து 24 வரைக்கும். 1999ல வந்த ஒரு ஆய்வுல, ஆறு வாரம் தாண்டின கர்ப்பங்கள்ல 84 சதவீதம் முட்டை வெளிவந்து 8, 9, 10ஆம் நாள்ல பதிஞ்சதுதான், லேட்டாக லேட்டாக கலையறதும் கூடியிருக்கு. பதியாமலே போறதுக்கு கருவோட குரோமோசோம் கோளாறு ஒரு முக்கியமான காரணம், அதுல நான் மாடிப்படி ஏறினதுக்கும் குனிஞ்சு பெருக்கினதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல.

ரெண்டாவது ட்ரான்ஸ்ஃபர் முடிஞ்சதும் எந்திரிச்சு நானே பாத்ரூம் போனேன், மறுநாள் சமைச்சேன். தும்மல் வந்துச்சு, தும்மினேன்.