விட்டுவிட்டுக் கீறிய கோடு

1974இல் எங்கள் புவியியல் ஆசிரியர் எங்களை யாழ்ப்பாணத்துக் கீரிமலைக்கு அழைத்துச் சென்றார். கடற்கரையில் வெளித்தெரியும் சுண்ணாம்புக்கல் எந்த இடத்தில் செம்மண்ணுக்குள் மறைகிறது என்று கீறிக்காட்ட வேண்டும் என்பதே அன்றைய பயிற்சி. அழகாக இருக்கட்டும் என்று நான் ஒரே முழுக்கோடாக இழுத்திருந்தேன். அவர் அதில் பாதியை அழித்துவிட்டு, "கண்ட இடத்தில மட்டும் முழுக்கோடு கீறு; மற்ற இடத்தில விட்டுவிட்டுக் கீறு" என்றார்.

புவிச்சரிதவியல் (நிலவியல்) வரைபடத்தின் அடிப்படை நெறியே அது என்பது, பத்து ஆண்டுகள் கழித்துச் சிங்கப்பூரில் எம்ஆர்டி பெருவிரைவு ரயில் பாதைக்கான நிலத்தடி ஆய்வில் படவரைஞராகச் சேர்ந்தபோதுதான் எனக்குப் புரிந்தது. நடுவே புக்கிட் தீமா கருங்கல், மேற்கே ஜூரோங் படிவுப் பாறைகள், கிழக்கே பழைய வண்டல், ஆற்று முகங்களில் காலாங் கடற்களிமண் என்று பொதுப்பணித் துறையின் 1976ஆம் ஆண்டு வரைபடம் நிறம் பிரித்திருந்தது. ஆனால் கட்டடங்களும் ஆழமாகச் சிதைந்த மண்ணும் மூடிய இத்தீவில் பாறையை நேரில் காண்பது அரிது. துளையிட்டு எடுத்த மாதிரிகளைப் பெட்டிகளில் வரிசையாக அடுக்கி, இரண்டு துளைகளுக்கு இடையே இருப்பதை ஊகித்தே எல்லை கீறினோம். ஒருமுறை, ஊகித்த எல்லையை நான் முழுக்கோடாக வரைந்துவிட்டேன். பின்னர் நடுவே இட்ட துளையில் உறுதியான மண் கிடைக்கவில்லை, மென்களிமண்ணே வந்தது. பணி தொடங்குமுன் தெரியவந்தது நல்லூர்க் கந்தன் அருள் என்றே இன்றும் நினைக்கிறேன்.

எரிமலை அபாய வரைபடமும் இவ்வாறே உருவாகிறது. பழைய சாம்பல், சேற்றோட்டப் படிவுகள் எதுவரை பரவியிருக்கின்றன என்று நடந்து குறித்து, அவற்றில் புதைந்த கரித்துண்டுகளின் வயதைக் கணித்து, அடுத்த வெடிப்பு செல்லக்கூடிய வழியை வரைகிறார்கள். 1991இல் பிலிப்பீன்ஸின் பினாதுபோ மலைக்கு மே மாதத்திலேயே அத்தகைய வரைபடம் தயாரானது. ஜூன் 15ஆம் தேதிப் பெருவெடிப்புக்கு முன்பே பல்லாயிரம் பேர் வெளியேற்றப்பட்டனர். கொலம்பியாவின் நெவாடோ டெல் ரூயிஸ் மலைக்கும் 1985 அக்டோபரில் வரைபடம் இருந்தது. சேற்றோட்டப் பாதையில் அர்மேரோ நகரம் குறிக்கப்பட்டிருந்தது. நவம்பர் 13ஆம் தேதி இரவு, வெடிப்புக்குப் பின் சேற்றோட்டம் வந்து சேர ஏறத்தாழ இரண்டரை மணி நேரம் இருந்தும் ஊர் வெளியேற்றப்படவில்லை; 20,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அந்த வரைபடத்தின் படியை இன்று பார்த்தாலும் என் நெஞ்சு கனக்கிறது.

2021இல் கட்டட, கட்டுமான ஆணையம் சிங்கப்பூரின் நிலவியலைப் புதிதாக வெளியிட்டபோது, அதில் நான் முதலில் தேடியது விட்டுவிட்டுக் கீறிய கோடுகளைத்தான்.