காலையில் ஐஸ், மதியம் “எல்லாம் நார்மல்”: ஹீட் பம்ப்போடு ஒரு நவம்பர்

அமெரிக்காவின் வட கரோலினாவில், ராலே பக்கம் வீடு வாங்கியவர்களுக்குத் தெரியும், இங்கே பல வீடுகளுக்கு கேஸ் லைன் கிடையாது. கோடையில் ஏசி, குளிரில் ஹீட்டர், எல்லாம் வெளியே நிற்கும் அந்த ஒரே ஹீட் பம்ப்தான். எங்கள் வீட்டில் அது கோடை முழுக்க ஒழுங்காக ஓடியது, அக்டோபரிலும் குறையில்லை. 2025 நவம்பர் கடைசியில்தான் மக்கர் செய்ய ஆரம்பித்தது.

காலையில் எழுந்து பார்த்தால் தெர்மோஸ்டாட்டில் ‘ஆக்ஸ்’, அதாவது துணை ஹீட்டர் ஓடுகிறது என்ற விளக்கு, எரிந்துகொண்டிருக்கும். வெளியே 36 டிகிரிதான் (எல்லாம் ஃபாரன்ஹீட் கணக்கு). கொஞ்ச நேரம் ஆக்ஸ் வந்து போனால் பரவாயில்லை. விடிய விடிய ஓடினால் என்ன அர்த்தம்? ஆக்ஸ் என்பது உள்ளே இருக்கும் ஹீட் ஸ்ட்ரிப், மின்சாரத்தில் சூடாகும் கம்பி. அது செலவழிக்கும் கரன்ட் அளவுக்குத்தான் சூடு தரும். இந்த மாதிரி மிதமான குளிரில் ஹீட் பம்ப் அதே கரன்ட்டில் இரண்டரை, மூன்று மடங்கு தர வேண்டும். பில் எகிறியது இதனால்தான்.

வெளியே போய்ப் பார்த்தால் யூனிட் முழுக்க ஐஸ். லேசாக வெண்பனி படிவது சகஜம், டிஃப்ராஸ்ட் ஓடி அதுவே உருக்கிக்கொள்ளும். (அப்போது எழும்பும் ஆவியைப் பார்த்து, புகை வருகிறது என்று பக்கத்து வீட்டுக்காரர் ஒருமுறை கதவைத் தட்டியிருக்கிறார்.) இது அப்படியில்லை. ஃபின் (யூனிட்டைச் சுற்றியுள்ள மெல்லிய தகடுகள்) கண்ணுக்கே தெரியாத அளவுக்குக் கெட்டி ஐஸ்.

சர்வீஸ் கம்பெனிக்குப் போன் செய்தால் மதியம்தான் ஆள் வருவார் என்றார்கள். மதியம் நல்ல வெயில், ஐஸ் மொத்தமும் உருகி ஓடிவிட்டது. வந்தவர் காய்ந்து கிடந்த யூனிட்டைப் பார்த்து, “எல்லாம் நார்மல், குளிர் காலத்தில் ஆக்ஸ் வரத்தான் செய்யும்” என்று சொல்லி சார்ஜ் வாங்கிக்கொண்டார். போகிற போக்கில் ‘எமர்ஜென்சி ஹீட்’டில் போட்டுக்கொள்ளச் சொன்னார். யார் சொன்னாலும் காரணம் கேட்காமல் அதைச் செய்யாதீர்கள். வெளி யூனிட்டை நிறுத்திவிட்டு முழுக்க ஸ்ட்ரிப்பில் ஓட்டுவதற்குத்தான் அந்தப் பெயர்.

மறுபடி கூப்பிட்டதும் அதே கம்பெனியிலிருந்து ‘சீனியர்’ ஒருவர் டேப்லெட்டோடு வந்தார். அழுத்தம் பார்க்கும் கேஜ் மாட்டிப் பார்க்கவேயில்லை. கேஸ் (யூனிட்டுக்குள் சுற்றும் குளிர்பதன வாயு) லீக், கம்ப்ரஸர் வீக், மொத்த சிஸ்டத்தையும் மாற்ற 14,000 டாலர் என்றார். “410ஏ கேஸை நிறுத்தியாச்சு, டிசம்பர் 31க்குள் புதுசு போட்டால்தான் வரிச் சலுகை” என்று அவசரம் வேறு. இதில் பாதிதான் உண்மை. 2025 ஜனவரி முதல் நின்றது 410ஏ-யில் ஓடும் புது சிஸ்டம் தயாரிப்பு. ஏற்கெனவே ஓடுவதைப் பழுது பார்க்கவோ கேஸ் நிரப்பவோ தடையில்லை. சலுகை 2025 டிசம்பரோடு முடிவதாக இருந்தது நிஜம், ஆனால் அதன் உச்சவரம்பே 2,000 டாலராகத்தான் இருந்தது. அதைப் பிடிக்க நான் 14,000 எடுத்து வைக்க வேண்டுமாம்!

எனக்கு எரிச்சல் அதுகூட இல்லை. 25 டிகிரிக்கு இறங்கிய ராத்திரிகளில் ஒழுங்காக ஓடுகிறது, 35, 36-ல் தூறல் போடும் காலைகளில்தான் ஐஸ் கட்டுகிறது என்று இரண்டு பேரிடமும் சொன்னேன். ஒருவரும் காதில் வாங்கவில்லை. துப்பே அதில்தான் இருந்தது.

அப்புறம் ஆபீஸ் நண்பர் ஒருவர் மூலம், சொந்தமாகத் தொழில் செய்யும் ஒரு பெரியவர் கிடைத்தார். இந்த முறை விடியற்காலையில் எடுத்த ஐஸ் போட்டோ, ஆக்ஸ் எத்தனை மணி நேரம் ஓடியது என்று தெர்மோஸ்டாட் ஆப் காட்டும் பக்கம் எல்லாவற்றையும் முன்கூட்டியே அனுப்பிவிட்டேன். “ஐஸ் இருக்கும்போதே வருகிறேன்” என்றார். அந்த வார்த்தைக்கே பாதி நிம்மதி.

வந்ததும், ஐஸை எப்போது உருக்குவது என்று முடிவு செய்யும் டிஃப்ராஸ்ட் போர்டில் இருக்கும் டெஸ்ட் பின்களைச் சேர்த்துப் பிடித்தார். ‘புஸ்’ஸென்று ரிவர்சிங் வால்வு (கேஸ் ஓடும் திசையை மாற்றுவது) திரும்பியது, ஆவி கிளம்பியது, ஐஸ் துண்டு துண்டாக விழுந்தது. ஆக போர்டு, வால்வு இரண்டும் சரி. கேஜ் மாட்டினார், கேஸும் சரி. பேனலைக் கழற்றினால் காயில் (கேஸ் ஓடும் சுருள்) குழாயில் இருக்க வேண்டிய வெப்ப சென்சார், கிளிப்பிலிருந்து நழுவி அந்தரத்தில் ஆடிக்கொண்டிருந்தது. ஓடும்போது காயில் வெளிக்காற்றைவிட நன்றாகவே சில்லென்று இருக்கும். சென்சார் காயிலை விட்டுவிட்டுக் காற்றை அளந்தது. காற்று 36 என்றால் பனியே இல்லை என்று போர்டு முடிவு கட்டிவிடும். 25-க்குப் போனால்தான் விழித்துக்கொள்ளும். கிளிப்பில் மாட்டி, மேலே இன்சுலேஷன் சுற்றினார். வேலை முடிந்தது. முதல் ஆள் ‘நார்மல்’ என்று சொல்ல வாங்கியதைவிட இவர் வாங்கியது குறைவு.

ஐஸை ஸ்க்ரூட்ரைவரால் குத்தாதீர்கள், காயிலில் ஓட்டை விழுந்தால் நிஜமாகவே புது யூனிட்தான். பவரை அணைத்துவிட்டு ஹோஸில் சாதாரணத் தண்ணீர் அடித்தால் போதும். வென்ட்டில் வரும் காற்று வெதுவெதுப்பாகத்தான் இருக்கிறதே என்று பயப்பட வேண்டாம், ஹீட் பம்ப்பின் காற்று பெரும்பாலும் 90 முதல் 100 டிகிரிதான், கைக்குச் சூடாகவே தெரியாது. ராத்திரி ஐந்தாறு டிகிரி குறைத்து வைத்துக் காலையில் ஒரேயடியாக ஏற்றுபவர்கள் ஆக்ஸைத் தாங்களே எழுப்பிவிடுகிறார்கள். தெர்மோஸ்டாட் செட்டிங்கில், வெளியே இத்தனை டிகிரிக்கு மேல் இருந்தால் ஆக்ஸ் வேண்டாம் என்று தடுக்கும் வசதி இருக்கிறதா பாருங்கள். நான் 35 வைத்திருக்கிறேன்.

இன்று காலை 37 டிகிரி, தூறல். யூனிட் ஒருமுறை ஆவி விட்டுவிட்டு ஓடிக்கொண்டிருக்கிறது, ஆக்ஸ் எரியவில்லை. நவம்பர் பில்லைத்தான் இன்னும் கட்டவில்லை.