லா ரோக் கஜாக்கில் ஒன்றரை நாள்

இந்த ஊரில் வண்டி போகிற ரோடு ஒன்றே ஒன்றுதான். ரோட்டுக்கு ஒரு பக்கம் தோர்தோன் ஆறு, இன்னொரு பக்கம் ஒரு வரிசை வீடுகள், அந்த வீடுகளின் முதுகில் செங்குத்தாக எழும்பி நிற்கிற மஞ்சள் பாறை. ஊர் அவ்வளவுதான். வீடு கட்ட இடம் போதாமல் ஒன்றின் தலைமேல் ஒன்றாகப் பாறையில் ஏறிக்கொண்டே போயிருக்கிறார்கள், கடைசியில் ஏற வழியில்லாத இடத்தில் பாறைக்குள்ளேயே குடைந்து போய்விட்டார்கள். கொல்லைப்புறம் என்ற பேச்சே கிடையாது. நாங்கள் தங்கிய அறைக்கும் மூன்று சுவர்தான் கட்டியது, நாலாவது பாறை.

பாரிஸிலிருந்து போர்தோவுக்கு அதிவேக ரயிலில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல். அங்கே மாறி சார்லா போகிற சின்ன ரயிலைப் பிடித்தால் அதைவிடக் கூடுதல் நேரம் ஆகிறது, தூரம் என்னவோ அதில் பாதிகூட இல்லை. ஆனால் திட்டுகிற மாதிரி இல்லை, ஜன்னலுக்கு வெளியே முதலில் திராட்சைத் தோட்டம், அப்புறம் ஆறு, அப்புறம் வால்நட் தோப்பு என்று மாறிக்கொண்டே வருகிறது. சார்லாவில் இறங்கினால் வரச்சொல்லி வைத்திருந்த டாக்ஸி வரவில்லை. போன் செய்தால் எடுக்கவும் இல்லை. முக்கால் மணி நேரம் ஸ்டேஷன் வாசலில் பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தோம். கடைசியில் அறைக்காரருக்கே போன் செய்தேன். எழுபதைத் தாண்டிய மனிதர், ஒரு பழைய வேனை ஓட்டிக்கொண்டு வந்தார், சலித்துக்கொள்ளக்கூட இல்லை. பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். மரங்களுக்கு நடுவில் ஓடிவந்த ரோடு ஒரு வளைவில் திரும்பியதும் ஆறும் பாறையும் ஊரும் ஒரே சட்டத்துக்குள் வந்து நின்றன. என் மனைவி பேச்சை நிறுத்திவிட்டாள், அது அடிக்கடி நடக்கிற விஷயம் இல்லை.

அழகான ஊர் என்று பட்டம் வாங்கிய ஊர்களில் இது ஒன்று. பிரான்சில் 1982ல் தொடங்கிய ஒரு சங்கம் இருக்கிறது, 'பிரான்சின் மிக அழகான கிராமங்கள்' என்று பொறுக்கியெடுத்துப் பலகை கொடுப்பார்கள். பலகை வந்தால் கூட்டமும் வரும். இங்கே நிரந்தரமாகக் குடியிருப்பவர்கள் நானூறு பேர் அளவில்தான், கோடையில் ஒரு மதியத்துக்கு அதைவிடப் பல மடங்கு ஆட்கள் ஐஸ்கிரீமோடு நடக்கிறார்கள். நாங்கள் போனது அக்டோபர். பாதிக் கடைகள் மூடியிருந்தன, அதுவே நல்லதாகப் போயிற்று.

சாயங்காலம் ஆற்றோரம் நடந்தோம். பாறை தெற்குப் பார்த்து நிற்பதால் பகல் முழுக்க வெயிலைக் குடித்துவிட்டு மாலையில் மெதுவாக விடுகிறது. ரோட்டில் ஸ்வெட்டர் போட்டிருந்தவன், வீடுகளுக்கு இடையில் ஒரு சந்தில் ஏறினதும் கழற்றிவிட்டேன். வடக்கிலிருந்து வரும் காற்றையும் பாறை மறித்துவிடுகிறது. பாறையின் ஓரமாகவே ஒரு தோட்டம் போட்டிருக்கிறார்கள், பனை வகைகள், மூங்கில், அத்தி, கள்ளி எல்லாம் இருக்கின்றன. நான் மூங்கிலைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவள் கையைப் பிடித்து இழுத்தாள். "ஏங்க, அங்க பாருங்க, வாழைங்க!"

வாழைதான். ஆளுயரத்துக்கு மேல் நாலைந்து நின்றன. இலை கிழிந்து தொங்கியது, ஓரம் லேசாகக் கருகியிருந்தது. குளிர்காலத்தில் உறைபனி விழுகிற நாட்டில், போர்தோவுக்குக் கிழக்கே இவ்வளவு உள்ளே, ஒரு பாறையின் சூட்டை நம்பி வாழை வைத்திருக்கிறார்கள். பூ தள்ளியிருக்கிறதா என்று அவள் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். இல்லை. ஒரு இலையைக் கையால் தடவிவிட்டு, "சாப்பாடு போடற அளவுக்கு இருக்கு" என்றாள்.

மறுநாள் காலை படகு. இங்கே 'கபார்' என்று சொல்கிற தட்டையான மரப்படகுகளில் கஸ்தெல்நோ கோட்டை தெரிகிற இடம்வரை கூட்டிப்போய்த் திருப்பிக் கொண்டுவருகிறார்கள், ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. இப்போதைய படகுகள் பழையதைப் பார்த்துச் செய்த நகல், உள்ளே மோட்டார் இருக்கிறது. பழைய கபார்களின் கதைதான் எனக்குப் பிடித்தது. ரயில் வருவதற்கு முன்னால் இந்தப் பக்கத்தின் நெடுஞ்சாலை இந்த ஆறுதான். மேலே, மலைப்பக்கம் அர்ஜந்தா என்ற ஊரைச் சுற்றி ஓக், செஸ்ட்நட் காடுகள். கீழே பெர்ஜராக், லிபூர்ன், போர்தோ என்று ஒயின் ஊர்கள். ஒயினுக்குப் பீப்பாய் வேண்டும், பீப்பாய்க்கு ஓக் பலகை வேண்டும், கொடிக்கு ஊன்ற செஸ்ட்நட் கழி வேண்டும். எல்லாம் மேலேயிருந்துதான் போகவேண்டும்.

ஆனால் தோர்தோன் வருஷம் முழுக்கப் படகு விடுகிற ஆறு இல்லை. கோடையில் கல் தட்டும், வெள்ளத்தில் கவிழ்த்துவிடும். இரண்டுக்கும் நடுவில், வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் கொஞ்ச நாட்கள் மட்டும் தண்ணீர் சரியான அளவில் நிற்கும். அதற்குப் பெயரே 'வியாபாரத் தண்ணீர்'. அந்த நாட்களுக்காகவே மாதக்கணக்கில் மரம் வெட்டி, படகு கட்டி, பாரம் ஏற்றித் தயாராகக் காத்திருப்பார்கள். மேலேயிருந்து வரும் படகுகளை ஆணியும் பலகையுமாக அவசரத்துக்குச் செய்திருப்பார்கள், ஒரே ஒரு பயணத்துக்குத்தான். இவ்வளவு வேகமான ஆற்றில் வெறும் படகை மேலே இழுத்துப்போவது கட்டுப்படியாகாது. அதனால் கீழே போய்ச் சேர்ந்ததும் சரக்கை விற்பார்கள், அப்புறம் படகையும் உடைத்து விறகாகவோ பலகையாகவோ விற்றுவிடுவார்கள். படகோட்டிகள் காசை இடுப்பில் முடிந்துகொண்டு வீட்டுக்கு நடப்பார்கள். நடந்தேதான், நாள்கணக்கில். கொஞ்சம் கீழே, ஆறு சாதுவாகிற பகுதிகளில் கெட்டியாகக் கட்டிய படகுகள் உப்பை ஏற்றிக்கொண்டு மேலே வந்திருக்கின்றன, கரையிலிருந்து மாடுகளும் ஆட்களும் கயிறு கட்டி இழுத்துத்தான்.

லா ரோக் கஜாக் இந்தப் போக்குவரத்தில் பிழைத்த ஊர். இங்கே படகோட்டிகளும் மீனவர்களும் இருந்தார்கள். 19ம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ரயில் வந்தது, ஆற்று வியாபாரம் படுத்துவிட்டது. அப்புறம் 1930களிலிருந்து 1950கள் வரை மேலே வரிசையாக நீர்மின் அணைகள் கட்டினார்கள், இப்போது அணைக்காரர்கள் திறந்துவிடுகிற கணக்கில்தான் ஆறு ஏறி இறங்குகிறது. வழிகாட்டிப் பையன் இதையெல்லாம் மனப்பாடமாக ஒப்பித்துக்கொண்டே வந்தான், பாவம், அன்றைக்கு அது அவனுக்கு எத்தனையாவது தடவையோ. ஆனால் படகை உடைத்து விற்கும் இடம் வந்ததும் அவன் குரலே கொஞ்சம் மாறியது போல எனக்குத் தோன்றிற்று. அவன் நின்றுகொண்டிருந்ததும் கபாரில்தானே.

படகிலிருந்து பார்க்கும்போதுதான் ஊரின் வரிசை புரிகிறது. மேற்குக் கோடியில் மாலார்த்ரி மாளிகை. பார்த்தால் 15ம் நூற்றாண்டு, உண்மையில் 20ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பழைய பாணியில் எழுப்பியது. நானும் ஏமாந்துபோய் நாலு படம் எடுத்துவிட்டேன். அந்த இடத்தில் ஒரு காலத்தில் தொழுநோயாளர் விடுதி இருந்தது, மாலார்த்ரி என்ற பெயரே அதிலிருந்து வந்தது என்கிறார்கள். ஊருக்கு வெளியே, ஆனால் கூப்பிட்டால் கேட்கிற தூரம்.

நடுவில், கொஞ்சம் மேலே, வட்டக் கோபுரம் ஒட்டிய ஒரு வீடு இருக்கிறது, தார்த் குடும்பத்தின் வீடு. ஊர் தந்த பெரிய ஆள் என்றால் ழான் தார்த்தான். 1561 அல்லது 1562ல் இங்கே பிறந்தவர், சார்லாவில் திருச்சபைப் பதவியில் இருந்தார், மறைமாவட்டத்தின் மூலைமுடுக்கெல்லாம் சுற்றி வரைபடம் போட்டார். 1614ல் இத்தாலிக்குப் போனபோது ஃபிளாரன்ஸில் கலிலியோவைப் பார்த்துப் பேசியிருக்கிறார். தொலைநோக்கியும் சூரியப் புள்ளிகளும்தான் பேச்சு. திரும்பி வந்து தானே சூரியனைப் பார்க்க ஆரம்பித்தார், வருஷக்கணக்கில் பார்த்தார். கடைசியில் அவர் சொன்ன முடிவுதான் வேடிக்கை. அந்தக் கறுப்புப் புள்ளிகள் சூரியனின் மேலேயே இருக்கின்றன என்று கலிலியோ சொன்னதை இவர் ஒப்புக்கொள்ளவில்லை, அவை சூரியனைச் சுற்றுகிற குட்டிக் கிரகங்கள் என்றார். சூரியனில் கறை இருக்கும் என்பதை அந்தக் காலத்துப் பாதிரியார் மனசு ஏற்கவில்லை போலிருக்கிறது. கலிலியோ வியாழனின் நிலாக்களுக்கு ஃபிளாரன்ஸை ஆண்ட மெதிச்சி குடும்பத்தின் பெயரை வைத்தாரல்லவா, இவரும் விடவில்லை, தன் பங்குக்கு பிரான்சின் அரச குடும்பத்தின் பெயரால் 'பூர்போன் நட்சத்திரங்கள்' என்று 1620ல் வெளியிட்டார். தப்புதான். ஆனாலும் இந்த ஊர்க்காரர் ஒருவர் 400 வருஷத்துக்கு முன்னால் கலிலியோவோடு உட்கார்ந்து வாதாடினார் என்பதை அந்தச் சந்தில் நின்று நினைத்தால் ஒரு மாதிரி ஜிவ்வென்று இருந்தது. வீட்டுக்குள் போக முடியாது, வெளியே நின்று அண்ணாந்து பார்க்கலாம்.

இன்னும் மேலே பாறையின் நெற்றியில் கோட்டை. 12ம் நூற்றாண்டில் தொடங்கி, ஆற்றுக்கு 40 மீட்டர் உயரத்தில் இயற்கையான குடைவை முன்பக்கம் சுவர் வைத்து அடைத்துக் கட்டியது. 1317ல் சார்லாவுக்கு ஆயர் நியமனமான பிறகு ஆயர்களுக்கும் இங்கே ஒரு வீடு இருந்தது, ஆபத்து வந்தால் ஒதுங்க இதைவிட நல்ல இடம் ஏது? நூற்றாண்டுப் போரில் இந்த ஆற்றின் ஒரு கரையில் பெய்னாக் கோட்டை பிரெஞ்சு அரசன் பக்கம், எதிர்க்கரையில் கஸ்தெல்நோ பெரும்பாலும் ஆங்கிலேயர் பக்கம், கண்ணுக்கெட்டும் தூரத்தில் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு நின்றன. அந்தச் சண்டையில் இந்தப் பாறைக் கோட்டை விழவில்லை. நாங்கள் போன அன்று படிக்கட்டுக் கதவு பூட்டியிருந்தது. எனக்குக் கொஞ்சம் வருத்தம், முழங்கால்வலிக்காரிக்கு நிம்மதி. அதற்குப் பதிலாகத் தேவாலயம்வரை ஏறினோம். சின்னக் கட்டிடம், ஒரு பாறைத் திட்டில் ஒட்டவைத்தது போல நிற்கிறது. வாசலிலிருந்து பார்த்தால் கூரைகளின் முதுகும் ஆறும்தான் தெரிகின்றன.

அங்கே நின்று பின்னால் திரும்பிப் பார்த்தபோதுதான் பாறையில் ஓரிடம் மட்டும் வெளுத்திருப்பதைக் கவனித்தேன். மற்ற இடமெல்லாம் சாம்பலும் கருப்புமாகக் காலம் படிந்திருக்க, அந்த இடம் மட்டும் நேற்று வெட்டின கல் மாதிரி. 1957 ஜனவரியில் ஒரு காலையில் பாறையின் ஒரு பெரிய துண்டு பிளந்து கீழே வந்தது. வீடுகள் நொறுங்கின, மூன்று பேர் செத்தார்கள், கல் ரோட்டை மறித்துக்கொண்டு ஆறுவரை போனது. பிறகு அதே இடத்தில் அதே மாதிரிக் கல்லில் கட்டிவிட்டார்கள், தெரியாதவன் பார்த்தால் வித்தியாசம் தெரியாது. பாறையில்தான் தெரிகிறது. வாழையைக் காப்பாற்றுகிற, எதிரியைத் தடுத்த, சாயங்காலம் என் ஸ்வெட்டரைக் கழற்ற வைத்த அதே பாறை.

மதியம் மார்கெசாக் தோட்டத்துக்குப் போனோம், பக்கத்து மலைமுகட்டில் இருக்கிறது. ஒன்றரை லட்சம் பாக்ஸ்வுட் செடிகளைக் கையாலேயே கத்தரித்து உருண்டை உருண்டையாக வைத்திருக்கிறார்கள். அழகுதான், எனக்கு ஐந்து நிமிஷத்தில் போதும் என்றாகிவிட்டது. ஆனால் தோட்டத்தின் கோடியில், ஆற்றுக்கு 130 மீட்டர் மேலே ஒரு பார்வைமேடை இருக்கிறது, அதற்காகவே டிக்கெட் வாங்கலாம். அங்கிருந்து லா ரோக் கஜாக் மொத்தமும் தெரிகிறது. பாறை எவ்வளவு பெரிது, ஊர் எவ்வளவு சின்னது என்பது கீழே நின்றால் விளங்காது. நாங்கள் தங்கியிருந்த வீட்டைத் தேடினோம், கண்டுபிடிக்க முடியவில்லை.

அன்று ராத்திரி நல்ல மழை. அறையின் பாறைச் சுவரில் கை வைத்துப் பார்த்தேன், ஈரமில்லை, லேசான சூடு இன்னும் இருந்தது. தூக்கம் வரவில்லை என்று சொல்ல மாட்டேன், ஆனால் இரண்டு முறை விழித்தேன்.

காலையில் மழை விட்டிருந்தது. பெட்டியோடு கீழே இறங்கியபோது அறைக்காரர் கையில் காப்பிக் கோப்பையோடு வாசலுக்கு வந்தார். எங்களுக்குக் காலை வணக்கம் சொல்வதற்கு முன்னால் ரோட்டைத் தாண்டி எதிர்ப்பக்கம் போய் நின்றார். முதலில் திரும்பி மேலே பாறையைப் பார்த்தார், நிதானமாக, இடமிருந்து வலமாக. அப்புறம் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து கீழே ஆற்றைப் பார்த்தார். பிறகு வந்து, வால்நட் கேக் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது, ரயிலுக்குக் கட்டித் தரட்டுமா என்று கேட்டார்.